ஊருக்கோர் ஐந்தொகை

காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவிற் பழம்பொருட் கடைகள் பல உண்டு. பர்மாத் தேக்கிற் செய்த பெட்டகங்களும், பீங்கான் கலங்களும், எனாமற் பாத்திரங்களும், சுவரை விட்டிறங்கிய முன்னோர் நிழற்படங்களும் ஆண்டு விலைக்குக் கிடக்கும். சென்ற கோடை விடுமுறையில் அத்தகைய கடையொன்றின் மூலையிற் கட்டுத் தளர்ந்த கணக்கேடு ஒன்றைக் கண்டேன். தாள் பழுத்திருந்தது; எழுத்து மட்டும் மங்கவில்லை. தமிழ் இலக்கங்கள் எறும்பு ஊர்ந்தாற்போல வரிசை தப்பாது சென்றன. தமிழ் ஆனர்ஸ் படிக்கும் யான் அவ்விலக்கங்களைப் படிக்க மாட்டாது இடர்ப்படுவதைக் கண்ட கடைக்காரர் நகைத்து, “அது ஐந்தொகை, தம்பி, கொண்டுவிற்கப் போனவர்கள் எழுதினது. உங்களுக்கு எதற்கு?” என்றார். எதற்கென்று அப்போது எனக்கும் விளங்கவில்லை. விடுதிக்குத் திரும்பிய பின்னரே விளங்கிற்று. அதனையே ஈண்டு எழுதப் புகுந்தேன்.

வரவு செலவு, கொடுக்கல் வாங்கல் யாவற்றையும் தொகுத்து நிலை காட்டும் கணக்கிற்கு ஐந்தொகை என்பது நகரத்தார் வழக்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் அவர்தம் வட்டிக்கடைகள் இலங்கையிலும் பர்மாவிலும் மலேயாவிலும் பரந்திருந்தன. முதலாளி செட்டிநாட்டு வீட்டில் இருப்பார். கடையை நடத்தும் ஏஜண்டு இரங்கூனிலோ பினாங்கிலோ கொழும்பிலோ இருப்பார். மூன்றாண்டு அவருக்குத் தவணை. அவருக்குக் கீழே அடுத்தாள் உண்டு. தொழில் பயிலும் பெட்டியடிப் பையனும் உண்டு. முதலாளிக்கும் ஏஜண்டுக்கும் இடையே கடல் கிடந்தது. கடிதம் கப்பலேறி வரவேண்டும். ஆயினும் முதலாளி அச்சமின்றி உறங்கினார். என்னை? கணக்கு வந்துகொண்டிருந்தது. ஏஜண்டின் கையில் அதிகாரம் ஒப்புவிக்கப்பட்டது. ஒப்புவித்த அதிகாரத்திற்கு ஈடாகக் கணக்குக் கேட்கப்பட்டது. கேட்டமையால் ஏஜண்டு மானக்கேடு எய்தினாரென்று எவரும் எண்ணவில்லை. நம்பிக்கையும் கணக்கும் ஒன்றையொன்று பகைப்பன அல்ல என்பதைச் செட்டிநாடு நன்கறிந்திருந்தது.

இனி நம் உள்ளாட்சியைப் பாருங்கள். இங்கே முதலாளி யார்? வீட்டுவரியும் தண்ணீர்க் கட்டணமும் செலுத்தும் நாமே. ஏஜண்டு யார்? நாம் வாக்களித்து அனுப்பிய உறுப்பினரும், நம் வரிப்பணத்தில் ஊதியம் பெறும் அலுவலரும். இடையிலே கடலில்லை; ஒரு தெருவே உண்டு. ஆயினும், நம் வார்டிற் சென்ற ஆண்டு திரண்ட வரி எத்துணை, அங்கே செலவானது எத்துணை, கொடுத்த மனுக்களில் முடிந்தவை எத்தனை, முடியாதவை எக்காரணத்தால் முடியவில்லை என்று வினவினால் நம்மில் நூற்றுக்கு ஒருவரேனும் விடை கூறுவாரோ? யான் கூறேன், முப்பதாண்டு தவறாது வரி கட்டிய என் தந்தையாரும் கூறார்.

உள்ளாட்சியைத் திருத்தப் பலர் பலவழி காட்டுகின்றனர். அலுவலரை மிகுதியாக்குக என்பர் சிலர். எல்லாவற்றையும் கணினியில் ஏற்றுக என்பர் சிலர். நன்கு பணிபுரிவோர்க்குப் பரிசளிக்க என்பர் வேறு சிலர். இவற்றுள் எதனையும் யான் பழிக்கவில்லை. ஆனால் இவையனைத்துக்கும் முன்னே நிற்கவேண்டுவது ஒன்று உண்டு. அது கணக்கையும் காரணத்தையும் ஊரார் நடுவே, ஊரார்க்கு விளங்கும் தமிழில், குறித்த நாளில், உரத்துப் படித்தல். இஃது எளிய செயல். எளிதாதலாலேயே ஒருவரும் பொருட்படுத்தாத செயல்.

இவ்வினா காரைக்குடியில் இப்பொழுது எழுதற்குக் காரணம் உண்டு. 1882-ஆம் ஆண்டில் ரிப்பன் பிரபு வெளியிட்ட தீர்மானத்தையொட்டி, அக்காலத்தார் ஸ்தல சுய ஆட்சி என்று வழங்கியது இந்நாட்டில் வேரூன்றத் தொடங்கிற்று. அன்றைய இராமநாதபுரம் ஜில்லாவைச் சேர்ந்த காரைக்குடி 1928-இல் முனிசிபாலிடியாயிற்று. 2011-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் நகராட்சியின் மக்கட்டொகை ஓரிலட்சத்தைச் சற்றே கடந்தது. 2024-ஆம் ஆண்டில் அது மாநகராட்சியாக உயர்த்தப்பட்டு, கோட்டையூர், கண்டனூர் என்னும் பேரூராட்சிகளும், சங்கராபுரம், கோவிலூர், அரியக்குடி முதலிய ஊராட்சிகளும் அதனுட் சேர்க்கப்பெற்றன. ஊர் பெரிதாயின் மகிழாதார் யார்? குடிநீரும் சாலையும் விளக்கும் சிதறிக் கிடவாது ஒரு திட்டமாக வகுக்கப்படும், பெருநிதியும் வரும். செய்தியைப் படித்த அன்று எனக்கும் சிறிது பெருமிதம் தோன்றியதை மறைக்கவில்லை.

ஆனால் சிற்றூர் நகரோடு சேரும்போது பெறுவது எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது, இழப்பது தெரிவதில்லை. 1992-ஆம் ஆண்டில் நிறைவேறிய அரசியலமைப்பின் 73-ஆம் திருத்தமும், 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் கிராம சபைக்கு இடமளித்தன. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலிற் பெயருள்ள எவரும் அதன் உறுப்பினரே. எவரும் அவரைத் தேர்ந்தெடுக்க வேண்டுவதில்லை. போய் அமர்ந்தாற் போதும். ஆண்டுக்கு நான்கு முறை கூடிவந்த அச்சபை, குடியரசு நாள், உலகத் தண்ணீர் நாள், மே நாள், விடுதலை நாள், காந்தியடிகள் பிறந்த நாள், நவம்பர் முதல் நாளாகிய உள்ளாட்சி நாள் என ஆறு முறை கூடுமாறு 2022-இல் அரசு செய்தது. நூறு நாள் வேலையைத் தந்த 2005-ஆம் ஆண்டுச் சட்டமும், அவ்வேலையின் சமூகத் தணிக்கை கிராம சபையின் பொறுப்பே என்று விதித்தது. எவர் வேலை செய்தார், எவர்க்குக் கூலி எவ்வளவு என்பதை அவ்வூரார் நடுவிலேயே ஒப்பிட்டுப் பார்ப்பது அதன் கருத்து. ஊராட்சி மாநகரின் பகுதியாகிவிடின் கிராம சபை இல்லை. ஊரகத்துக்கே உரிய வேலையுறுதியும் உடன் அகலும். வேலை போகிறதே என்ற முறையீட்டைப் பல வாயிலாகக் கேட்டேன். சபை போகிறதே என்று வருந்தியவர் ஒருவரையும் கண்டிலேன்.

நகர்ப்புறத்தார்க்கு அத்தகைய சபை இல்லையோ எனின், உண்டு. 74-ஆம் திருத்தம் மூன்று இலட்சமும் அதற்கு மேலும் மக்கள் வாழும் நகரங்கட்கே வார்டுக் குழுவைக் கட்டாயமாக்கிற்று. தமிழ்நாட்டரசோ 2022-இல் விதிகள் வகுத்து, நகர்ப்புற உள்ளாட்சிகளில் வார்டுக் குழுவும் அதன் கீழ்ப் பகுதி சபையும் அமைய வழிசெய்தது. அவ்வாண்டு நவம்பர் 1-ஆம் நாள் பகுதி சபைகள் முதன்முறை கூடின. ஆகவே ஏட்டிற் குறையில்லை. கிராம சபையை இழந்தவர் பகுதி சபையைப் பெறலாம்; பெற்றாரா என்பதே வினா. என் அண்டை வீட்டார் எழுவரைப் பகுதி சபை யாது என்று வினவினேன். அச்சொல்லைக் கேட்டிருந்தவர் ஒருவரே. அவரும் உள்ளாட்சித் தேர்தலில் நின்ற ஒருவரின் மைத்துனர்!

கிராம சபை குற்றமற்றதென்று யான் சொல்ல வந்தேனல்லேன். கூட்டம் கூடாமலே வீடு வீடாகக் கையொப்பம் வாங்கிச் செல்வதும், தீர்மானம் முன்னரே எழுதி முடிந்திருப்பதும், பெண்கள் பந்தலுக்கு வெளியே நின்று திரும்புவதும் நாம் அறியாதன அல்ல. எனினும் நோயுற்ற ஒன்றைக் குணப்படுத்தலாம். இல்லாத ஒன்றை என் செய்வது?

கணக்கைப் படிப்பதால் யாது விளையும் என்பார்க்கு ஒரு நிகழ்ச்சி கூறுவேன். 1994-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள், இராஜஸ்தானத்துக் கோட் கிரானா என்னும் சிற்றூரில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்னும் உழைப்பாளர் சங்கத்தார் ஒரு கூட்டம் கூட்டினர். அச்சங்கத்தை நிறுவியோருள் ஒருவராகிய அருணா ராய் அம்மையார் சென்னையிற் பிறந்தவர், 1968-இல் ஐ.ஏ.எஸ். பணியிற் சேர்ந்து, சில ஆண்டிலே அதனைத் துறந்து சிற்றூர் சென்றவர். அரசினர் பணிகளின் கூலிப்பட்டியல்களைச் சங்கத்தார் அரிதின் முயன்று பெற்றுக் கூட்டத்தில் வாசித்தனர். குற்றஞ்சாட்டவில்லை, கொடிபிடிக்கவில்லை, வாசித்தனர், அவ்வளவே. பட்டியலிற் பெயர் கண்டவர்களே எழுந்து, தாம் அவ்வேலைக்குச் சென்றதே இல்லை என்றனர். அதன்பின் ஊர்தோறும் நடந்த இத்தகைய கூட்டங்களில், இறந்தோர் பெயராலும் கூலி எழுதப்பட்டமை வெளியாயிற்று. கச்சேரியின் நிலைப்பெட்டியிற் கிடந்தவரை உண்மைபோல் இருந்த தாள், ஊரார் காதில் விழுந்தவுடன் பொய்யாயிற்று. 1996-இற் பியாவர் நகரில் அவர்கள் நாற்பது நாள் அறப்போர் இருந்தனர். 2005-இல் நாடெங்கும் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. கேட்டபின் கொடுத்தல் மட்டுமன்று, கேளாமுன்னரே அலுவலகங்கள் தம் செய்திகளைத் தாமே வெளியிடல் வேண்டுமென்று அச்சட்டத்தின் நான்காம் பிரிவு கூறுகிறது.

இது வடநாட்டார் புதிதாகக் கண்டதன்று. காஞ்சிபுரத்தை அடுத்த உத்தரமேரூரில், முதற் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளிற் பொறித்த சாசனங்கள் இன்றும் உள. முப்பது குடும்பு, முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்கு உட்பட்ட வயது, ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் என்பன தேர்வு வினாத்தாளில் அடிக்கடி வருவன. தோழர்கள் ஒப்புவிக்க வல்லர். வினாத்தாளில் வாராத இரண்டினைச் சொல்லுகின்றேன். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாது போனவனும், அவன் நெருங்கிய சுற்றத்தாரும் மீண்டும் குடவோலைக்குத் தகார் என்பது ஒன்று. குடத்திலிருந்து சிறுவன் எடுத்துத் தரும் ஓலையை மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்றல் வேண்டும்; ஏற்றதை வாசித்தல் வேண்டும்; அவன் வாசித்ததை அங்குள்ள நம்பிமார் அனைவரும் வாசித்தல் வேண்டும் என்பது மற்றொன்று. ஓலை மாறாமைக்கு விரித்த விரல். பெயர் மாறாமைக்குப் பல குரல். ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முன் மனிதர் மனத்தை எவ்வளவு அறிந்திருந்தனர், பாருங்கள்!

ஆயினும் அச்சபையைப் புகழ்ந்து நின்றுவிடுதல் நேர்மையன்று. அது பிரமதேயத்தின் சபை. நிலமும் மனையும் கல்வியும் உடைய ஆடவர்க்கே அக்குடத்தில் ஓலை உண்டு. என் முன்னோர்க்கு இராது. எவர் வீட்டுப் பெண்ணுக்கும் இராது. ஊர் கூடினால் நீதியே பிறக்கும் என்பதும் உறுதியன்று. 1930-ஆம் ஆண்டு டிசம்பரில் இதே இராமநாதபுரம் ஜில்லாவில், ஆதிதிராவிட மக்களுக்கு எட்டுத் தடைகள் விதிக்கப்பட்டன: பொன் வெள்ளி நகை அணியலாகாது, ஆடவர் சட்டை அணியலாகாது, குடை பிடிக்கலாகாது, செருப்பு அணியலாகாது, பெண்டிர் மேலாடை உடுத்தலாகாது. இத்தடைகளை விதித்தோரும் கூடிப் பேசித்தானே விதித்திருப்பர்? நம் காலத்திலும் 1996 முதல் 2006 வரை மதுரை ஜில்லாவின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் முதலிய தனி ஊராட்சிகளில் முறையான தேர்தல் நடவாவண்ணம் தடுக்கப்பட்டது. 2006-இல் அது நடந்தேறியதற்கு, அன்றைய மதுரைக் கலெக்டர் உதயசந்திரன் அவர்கள் அவ்வூர் மக்களோடு பேசிப் பேசி முயன்றதும் ஒரு காரணம். பத்தாண்டும் சட்டம் ஒன்றே. அதனை நடத்திக் காட்ட முயன்ற அலுவலர் வேண்டியிருந்தது. ஆகவே சபையும் வேண்டும். அதன் வாயிலை எல்லார்க்கும் திறந்து வைக்கும் சட்டமும் அலுவலரும் வேண்டும்.

அலுவலரைப் பற்றிப் பேச்செடுத்தமையால் என் வீட்டுச் செய்தி ஒன்று. என் அம்மாச்சி வாழ்வது வேறொரு ஜில்லாவில், ஊர்ப்பெயர் வேண்டாம். தாத்தா இறந்தபின் வீட்டுவரியைத் தம் பெயருக்கு மாற்றுமாறு ஓர் அலுவலகத்தில் மனுக் கொடுத்தார். நான்கு திங்கள் கழித்து ஒரு கடிதம் வந்தது. ‘ந.க. எண்’ என்று தொடங்கி, ‘பார்வையிற் காணும் மனுவின் மீது உரிய மேல்நடவடிக்கையின் பொருட்டுப் பரிசீலிக்கப்பட்டு வருகிறது’ என்று முடிந்தது. அம்மாச்சி எட்டாம் வகுப்புப் படித்தவர். வேதப்புத்தகத்தை நாள்தோறும் கண்ணாடியின்றி வாசிப்பவர். கடிதத்தை இருமுறை படித்து என்னிடம் நீட்டி, “ஏய்யா, ஆச்சா, ஆகலையா? அதை மட்டும் சொல்லு” என்றார். தமிழிலக்கணம் பயிலும் பேரன் அதனை மூன்று முறை படித்தும் விடை சொல்ல இயலவில்லை. எழுவாய் இல்லாத வாக்கியம் அது. செய்வோன் எவன் என்பது அதில் இல்லை. எந்நாளில் முடியும் என்பதும் இல்லை. 1956-இலேயே தமிழ் இந்நாட்டின் ஆட்சிமொழியாயிற்று. எழுத்துத் தமிழாயிற்று; பொருள் தமிழாகவில்லை.

அவ்வலுவலகத்திற்கு யானும் சென்றேன். வன்சொல்லை எதிர்பார்த்துச் சென்ற எனக்கு வெட்கமே மிஞ்சிற்று. அங்கிருந்த எழுத்தர் அம்மையார் மூவர் செய்யவேண்டிய வேலையைத் தனியே செய்துகொண்டிருந்தார், மேசையிற் கோப்புகளுக்கிடையே பிரிக்கப்படாத உணவுப் பொதி இருந்தது, மணி மூன்று. இறப்புச் சான்றின் படியொன்று குறைவதாக அவர் கண்டு சொன்னார். அவ்வளவே தடை! அதனைக் கடிதத்தில் எழுதியிருந்தால் மறுநாளே கொடுத்திருப்போம். அவ்வாறு ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். “எப்பவும் இப்படித்தாங்க எழுதுறது” என்றார். யாரையும் குறைகூற மனம் வரவில்லை. வேலை மிகுதியும் வழக்கத்தின் பிடியும் சேர்ந்து நல்லவரையும் கல்லாக்கிவிடுகின்றன. காரணத்தை ஊர்நடுவே உரத்துப் படிக்கவேண்டிய நாள் ஒன்று வருமென்றால், ‘பரிசீலிக்கப்பட்டு வருகிறது’ என்று படிக்க எவர்க்கும் நா எழாது. இங்கு மூவர் பணியிடத்தில் ஒருவரே உள்ளார் என்பதும் அன்றே ஊரார்க்கு விளங்கும். அலுவலர்க்கு அதனினும் பெருந்துணை வேறில்லை.

2023-இல் ‘மக்களுடன் முதல்வர்’ என்றும் 2025-இல் ‘உங்களுடன் ஸ்டாலின்’ என்றும் முகாம்கள் நடந்தன. மனுக்கொடுக்க மக்கள் திரண்டனர். பயன்பெற்றோர் பலர், அது நன்றே. ஆனால் முகாமுக்கு வந்த ஒவ்வொரு மனுவும், கீழே ஏதோ ஒரு சாளரத்தில் முடிந்திருக்க வேண்டியது முடியவில்லை என்பதற்குச் சான்றன்றோ? வார்டில் வந்த மனுக்களை ஒருங்கே வைத்துப் படித்தால் அவ்வார்டின் திட்டமே அதிற் கிடக்கும். செட்டிநாட்டின் ஊருணிகளை எண்ணிப் பாருங்கள். ஊருணியைத் தூர்வாருவதற்குத் திட்டம் மேலிருந்து வருகிறது. மண்ணை எடுத்துக் கரையில் இடுகின்றனர். மழை பெய்தும் நீர் வாராது. வரத்துக்கால் எவ்விடத்தில் அடைபட்டதென்பதை ஆடு மேய்க்கும் சிறுவன் அறிவான். அவனைக் கேட்டவர் இலர். ஊரறிவு இல்லாத கொள்கை வரத்துக்கால் இல்லாத ஊருணியே.

தேர்ந்தெடுக்கப்பட்டோரே இல்லாத காலமும் நமக்கு நீண்டது. 2016-இல் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தபின், நகர்ப்புறத் தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. ஐந்தாண்டுக்கு மேல் தனி அலுவலரே தீர்மானம் இயற்றினார். தாமே அதனை நிறைவேற்றினார். 2025 ஜனவரியில் நம் ஜில்லாவின் ஊராட்சிகளும் அந்நிலையை அடைந்தன. முதலாளி இல்லாத கடையில் ஏஜண்டு எவ்வளவு நல்லவராயினும் அவர் ஐந்தொகையை யாருக்கு அனுப்புவார்?

“இவ்வளவும் சரி, வரவு செலவைக் கேட்க எவன் வருவான்? சினிமாவா நடக்கிறது?” என்று விடுதித் தோழர் ஒருவர் என்னை மடக்கினார். எங்கள் கோவிலில் ஆண்டுதோறும் அசனப் பண்டிகை முடிந்த பின்னர்க் கணக்கு வாசிக்கப்படும். அரிசி எத்தனை மூட்டை, விறகு எவ்வளவு, மிகுந்த பணம் யாது என்று பொருளாளர் வாசிப்பார். பிரசங்கத்தின்போது கண்ணயர்ந்த பெரியவர்களெல்லாம் அப்போது நிமிர்ந்து அமர்வதை யான் சிறுபோதிலிருந்து கண்டிருக்கிறேன். “கத்தரிக்காய் அந்த விலையா?” என்று பின்வரிசையிலிருந்து ஒரு பாட்டி கேட்பார். பொருளாளர் முகஞ் சிவப்பார். ஆனால் அடுத்த ஆண்டு இரண்டு கடையில் விலை விசாரித்தே வாங்குவார். தம் காசு என்று தெரிந்தால் மக்கள் வருவர். மாநகராட்சிப் பணம் தம் காசென்பது அவர்கட்குத் தெரியாமற் போனதே குறை. தெரிவித்தாற் கத்தரிக்காய் விலையைக் கேட்ட பாட்டி சாலைக் கப்பியின் விலையையும் கேட்பார்.

ஆகவே யான் வேண்டுவது புதிய சட்டமன்று. இருக்கும் பகுதி சபையை, முன்னரே நாட் குறித்து, ரேஷன் கடையிலும் ஊருணிக் கரையிலும் தேநீர்க் கடையிலும் எழுதி ஒட்டிக் கூட்டுக. புதிதாகச் சேர்ந்த சங்கராபுரத்திலும் கோவிலூரிலும் அரியக்குடியிலும் முதலிற் கூட்டுக; இழந்தவர் அவர்களே. ஒரு தாளில் அடங்கும் ஐந்தொகையை அங்கே படிக்க. வந்தது, போனது, நின்றது, நின்றதற்குக் காரணம் ஆகிய இந்நான்கும் போதும். படித்த தாளைச் சுவரிலும் ஒட்டுக. நல்ல தமிழில் அதனை எழுதித்தர ஆளில்லை என்பாராயின், எம் வகுப்பில் முப்பது பேர் இருக்கிறோம்.

முதலடியை யானே வைக்க எண்ணி, எங்கள் வார்டில் சென்ற ஆண்டு திரண்ட வரியும் செலவும், கூடிய பகுதி சபைகளின் நாட்களும் தெரிவிக்குமாறு தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனு எழுதி, பத்து ரூபாய்க் கட்டணமும் சேர்த்து அனுப்பியிருக்கிறேன். எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் மூன்றும் வெளிப்பட நிற்குமாறு எழுதிய மனு. சட்டம் முப்பது நாள் தருகிறது. இன்று பதினோராம் நாள். மறுமொழி வருமாயின், அதன் சொற்களை மாற்றாது, அடுத்த ஆண்டு மலருக்கு அனுப்புவேன்.